ஓலையில் உன் அப்பாவின் பெயர்

அந்தோணி,

ஓசூரில் மழை விட்டிருக்கும், உன் சளியும் விட்டிருக்கும் என்று நம்பி அம்மா எழுதுகிறேன். இன்று காலைப் பூசையில் உன் கல்யாண அறிவிப்பின் முதல் ஓலையை வாசித்தார்கள். உன் அப்பா பெயருக்கு முன்னால் சாமியார் என்ன வாசித்தார் என்று தெரிந்துகொள்ளத்தான் நீ இதை இவ்வளவு அவசரமாகப் பிரித்திருப்பாய். கடைசிப் பக்கத்துக்குத் தாவாதே, சொல்கிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள்தான். ஆனால் எதை முதலில் சொல்லி எதைப் பிறகு சொன்னால் புரியும் என்பதை எனக்கு எந்த வாத்தியாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. உன் அக்கா மகள் மெர்சி பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "ஆயா, இன்னும் முடியலையா, என் பேனாவைக் குடு" என்று நச்சரிக்கிறாள். நாலாம் வகுப்பிலேயே என்னைவிட அழகாக எழுதுகிறாள். இன்னும் கொஞ்ச நாளில் படிப்பிலும் என்னைத் தாண்டிவிடுவாள். தாண்டட்டும், எனக்குப் பெருமைதான். ஆனாலும் இந்தக் கடிதத்தை அவளிடம் சொல்லி எழுத வைக்க முடியாது. இது என் கையால் எழுத வேண்டியது.

வேலப்பன்சாவடியில் உன் நிச்சயத்தன்று நடந்ததிலிருந்து ஆரம்பிக்கிறேன். மண்டபம் எது, பிரியாணியா சாப்பாடா என்று இரண்டு வீட்டாரும் மதியம் முழுக்க மல்லுக்கட்டினோம். அதெல்லாம் முடிந்து காப்பி வந்தபோது ரெஜினாவின் தாய்மாமன், அந்தத் தொண்டை பெரிய மனிதர், என் நெற்றிப் பொட்டையும் கழுத்துத் தாலியையும் தலையில் இருந்த பூவையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "சம்பந்தி எங்க, வெளியூரா? ஓலைல பேரு போடணும். ஆளு கீறாரா, இல்லியா? ஒண்ணு சொல்லிடுங்கோ." நான் வாயைத் திறப்பதற்குள் நீ முந்திக்கொண்டாய். "இல்லைங்க, சண்டையில செத்துட்டாரு" என்றாய். எல்லோரும் உச்சுக்கொட்டினார்கள். "அப்போ காலஞ்சென்றன்னு போட்டுடலாம்" என்று தாய்மாமன் முடித்துவிட்டார். பிரியாணிக்கு அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டவர்கள் உன் அப்பாவை ஒரே வாய்க் காப்பியில் முடித்துவிட்டீர்கள்.

பூந்தமல்லியில் ஆவடி பஸ் ஏறி உட்கார்ந்ததும், ஏன்டா அப்படிச் சொன்ன என்று நான் கேட்டேன். "வேற என்னம்மா சொல்றது? லாரியில ஏறினாரு, இன்னும் இறங்கலன்னா?" என்றாய். மெதுவாகப் பேசு என்றதும் உன் குரல் இன்னும் ஏறியது. "நான் பொறந்ததுலேர்ந்து அந்த லாரி ஓடிக்கிட்டே இருக்கு. டீசல் போடக்கூட நிக்காதா அது?" முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். அதற்கும் நீ அடங்கவில்லை. "பென்ஷன் வாங்கும்போது மட்டும் செத்துட்டாரு. பூ வைக்கும்போது மட்டும் உசுரோட இருக்காரா?" வீட்டுக்கு வந்தாய், பையை எடுத்தாய், சாப்பிடாமல் கிளம்பிப் போய்விட்டாய். பஸ்ஸில் நான் பதில் சொல்லாததைப் பதில் இல்லை என்று எடுத்துக்கொள்ளாதே. ஓடுகிற பஸ்ஸில் சொல்கிற விஷயம் இல்லை அது.

பென்ஷனையே முதலில் எடுத்துக்கொள்கிறேன், அதுதான் உன்னைக் குத்துகிறது. எழுபத்தொன்றாம் வருஷத்துச் சண்டை முடிந்து, காணவில்லை என்று தந்தி வந்து, அப்புறம் வெகுநாள் கழித்து, இறந்ததாகக் கருதுகிறோம் என்று சர்க்காரிலிருந்து தாள் வந்தது. அதில் கையெழுத்துப் போட்டால் பென்ஷனும் ஆவடியில் பட்டாளத்துக்கு உடுப்புத் தைக்கிற ஃபேக்டரியில் வேலையும் கிடைக்கும். நீ அப்போதுதான் பேசப் பழகிக்கொண்டிருந்தாய், உன் அக்கா எப்போது பார்த்தாலும் பசி என்பாள். நான் போட்டேன். போடுவதற்கு முன் அந்த மேஜைக்காரரிடம் கேட்டேன்: "சார், இதுல செத்துட்டார்னு நான் சொல்லியிருக்கேனா, நீங்க சொல்லியிருக்கீங்களா?" அவர் சிரித்துவிட்டார். "நாங்கதாம்மா சொல்றோம், நீ வாங்கிக்கறேன்னு சொல்ற, அவ்வளவுதான்" என்றார். அப்படியென்றால் சரி என்று போட்டேன். வேலை செய்யப் போன இடத்தில் ஒருத்தர் காணாமல் போனால் அவர் பிள்ளைகளுக்குச் சோறு போடவேண்டியது அனுப்பினவர்கள் கடமை. அதை வாங்கியதற்காக நான் எந்த நாளும் வெட்கப்பட்டதில்லை, நீயும் படாதே. அந்தச் சோற்றில்தான் நீ டிப்ளமோ படித்தாய்.

அடுத்தது லாரி. நீ கிண்டல் செய்கிற அந்த லாரியைப் பார்த்த ஒரே மனிதர் கள்ளிக்குப்பம் மாணிக்கம் மாமா. உன் அப்பாவின் பட்டாளக் கம்பெனியிலேயே இருந்து, எதிரியிடம் பிடிபட்டு, கைதிகளை மாற்றிக்கொண்டபோது திரும்பி வந்தவர். அவர் ஊருக்கு வந்துவிட்டார் என்று கேள்விப்பட்டதும் உன்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு அவர் வீட்டைத் தேடிப் போனேன். ஆள் பாதியாக இளைத்துப்போய்க் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அன்று அவர் சொன்னதை ஒரு சொல் மாறாமல் வைத்திருக்கிறேன். "எங்களப் புடிச்சப்போ ரெண்டு லாரி நின்னுகினு இருந்திச்சிக்கா. என்னை ஒண்ணுல ஏத்துனாங்கோ, அண்ணாத்தைய இன்னொண்ணுல. கையில அடி, ரத்தம் வந்துகினு இருந்திச்சி. ஆனா யாரும் தூக்கி ஏத்தல. அவரே கால் வெச்சி ஏறுனாரு. எனக்குத் தெரிஞ்சது அவ்ளோதான். இதுக்கு மேல கேட்டீங்கன்னா பொய்தான் சொல்லணும்." அவர் மனைவி பின்னால் நின்று, "சொல்லேன்யா, நல்லாத்தான் இருந்தாருன்னு ஒரு வார்த்தை சொன்னா இன்னா கொறஞ்சிடுவே" என்று இடித்தாள். அவர் சொல்லவில்லை. அதனால்தான் அவர் சொன்ன மற்றதையெல்லாம் நான் நம்பினேன்.

அப்புறம் கேட்காத இடமில்லை. எங்களிடம் அந்தப் பெயரில் யாரும் இல்லை என்று அந்த நாட்டில் சொன்னார்களாம். நம் ஆட்கள் அதை அப்படியே எனக்குச் சொன்னார்கள். பிறகு ஒரு தடவை, காணாமல் போனவர்களின் குடும்பத்தாரில் சிலரை அங்கேயே கூட்டிப்போய் ஜெயிலைக் காட்டினார்கள் என்று பேப்பரில் வந்தது. போனவர்களும் யாரையும் பார்க்காமல் திரும்பினார்கள். இவர்கள் கருதுகிறோம் என்கிறார்கள், அவர்கள் இல்லை என்கிறார்கள், மாணிக்கம் கால் வைத்து ஏறினார் என்கிறார். இதில் யார் சொல்வதை நான் தூக்கிப் போடுவது? கண்ணால் பார்த்தவர் ஒருத்தர்தான்.

இதையெல்லாம் உனக்கு நான் உட்காரவைத்துச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அதனால் நீ உனக்குத் தெரிந்த வழியில் போனாய். கல்லறைத் திருநாள் ஞாபகம் இருக்கிறதா? குவார்ட்டர்ஸில் இருக்கும் பிள்ளைகள் எல்லாம் அவரவர் தாத்தா, பாட்டி கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்து, சாமந்தி பரப்பி, மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். உனக்கு மட்டும் வேலையில்லை. நான் யாருடனோ பேசிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் சுவர் ஓரமாக நீ மண்ணைக் குவித்து, கூழாங்கல் பதித்து, பக்கத்துக் கல்லறையிலிருந்து எடுத்த இரண்டு பூவை வைத்து, ஒரு மெழுகுவத்தித் துண்டைக் குத்தி வைத்திருந்தாய். உன் சிநேகிதனிடம், "இது எங்கப்பாது" என்று சொல்லிக்கொண்டிருந்தாய். குரலில் என்ன பெருமை! நான் ஓடிவந்து அந்த வத்தியைப் பிடுங்கினேன், முதுகில் ஒன்று வைத்தேன், தரதரவென்று வீட்டுக்கு இழுத்துவந்தேன். வத்தியைப் பிடுங்கியது சரி என்றுதான் இன்றைக்கும் சொல்வேன். அடித்தது தப்பு. மற்றப் பிள்ளைகளைப்போல உனக்கும் அப்பா என்று கை நீட்டிக் காட்ட ஓர் இடம் வேண்டியிருந்தது. அதை ஒரு பிள்ளை கேட்கக்கூடாதா?

இன்னொன்றும் உன் மனதில் இருக்கிறது, எனக்குத் தெரியும். நீ பத்தாவது படிக்கும்போது நடந்தது. அந்தோணியார் திருநாளுக்கு வருஷா வருஷம் உன் அப்பா சுகமாகத் திரும்ப வேண்டும் என்று நான் பூசைக்கு எழுதிக்கொடுப்பேன். அந்த வருஷம் புதுச் சாமியார். என்ன நினைத்தாரோ, "இறந்த அருளப்பன் ஆன்ம இளைப்பாற்றிக்காக" என்று பீடத்திலிருந்து வாசித்துவிட்டார். நான் எழுந்து நின்று, "சாமி, அவர் சாகல!" என்றேன். கோயிலே திரும்பிவிட்டது. உபதேசியார் இருமினார். பாவம், அந்தச் சாமியார் முகம் சிவந்து, "மன்னிக்கணும்மா" என்று சொல்லி, மறுபடி சுகத்துக்காக என்று வாசித்தார். ஃபேக்டரியில் அன்றிலிருந்து நான் 'சாகல அக்கா' ஆகிவிட்டேன். மிஷினில் ஊசி உடைந்தால், "அக்கா, என் ஊசி செத்துப்போச்சு, நீங்க வந்து சாகலன்னு சொல்லிட்டுப் போங்க" என்று கூப்பிடுவாள் பக்கத்து மிஷின் சரோஜா. நானும் சிரிப்பேன். ஆனால் நீ அன்று கோயிலில் தலையைக் குனிந்தவன் பூசை முடிகிறவரை நிமிரவில்லை. உன் பிடரியை மட்டுமே பார்த்துக்கொண்டு நான் நின்றிருந்தேன்.

காணாமல் போனதைத் தேடித்தருகிற புனிதரின் பெயரை உனக்கு வைத்தது நான் இல்லை. உன் அப்பாதான் வைத்தார், சண்டைக்குப் போவதற்கு முன்னால், அவருடைய அப்பா பெயர் என்பதற்காக. அப்புறம் நடந்ததைப் பார்த்து ஊரே, "பேருக்கேத்த பிள்ளை, நீதான்டா அப்பாவைக் கண்டுபிடிக்கணும்" என்று உன் கன்னத்தைக் கிள்ளியது. நானும் தடுக்கவில்லை. இப்போது சொல்கிறேன், கேட்டுக்கொள். அது உன் வேலை இல்லை. புனிதர் வேலையைப் புனிதர் பார்த்துக்கொள்வார், சர்க்கார் வேலையைச் சர்க்கார் பார்க்கட்டும், கேட்கிற வேலையை என் கால் நடக்கிற வரைக்கும் நான் பார்க்கிறேன். உன் வேலை ரெஜினாவோடு நன்றாக வாழ்வது.

அந்தப் பெண்ணிடம் ஒரு பொய்யோடு நீ ஆரம்பிப்பதை மட்டும் என்னால் விடமுடியவில்லை. அதனால் புதன்கிழமை லீவு போட்டுவிட்டு, தனியாகவே வேலப்பன்சாவடிக்குப் போனேன். கோபப்படாதே, முழுசாகப் படி. ரெஜினாவின் அப்பாவும் தாய்மாமனும் கூடத்தில் இருந்தார்கள். என் மகன் அன்று சொன்னது அவன் மனதில் இருப்பது, எனக்குத் தெரிந்தது இது என்று தந்தி, தாள், லாரி எல்லாவற்றையும் சொன்னேன். தாய்மாமன் துள்ளினார். "இன்னாம்மா இது, அன்னிக்கி செத்துட்டார்ன்றீங்கோ, இன்னிக்கி தெரியாதுன்றீங்கோ. நாளைக்கி கல்யாணத்துல வந்து நிப்பாரா?" என்றார். "வந்து நின்னா மொத விருந்து உங்க ஊட்லதான், கோழி அடிச்சி வைங்க" என்றேன். ரெஜினாவின் அப்பா சிரித்தார். தாய்மாமனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது, மீசையைத் தடவி அடக்கிக்கொண்டார்.

அப்போது சமையலறை வாசலில் நின்றிருந்த ரெஜினா கேட்டாள்: "அத்தை, மாமா எப்படி இருப்பாரு?" அந்தோணி, இத்தனை வருஷத்தில் எத்தனையோ பேர் என்னிடம் அவர் இருக்கிறாரா இல்லையா என்று கேட்டிருக்கிறார்கள். எப்படி இருப்பார் என்று யாரும் கேட்டதில்லை. எனக்குப் பேச்சு முட்டிக்கொண்டு வந்தது. நல்ல உயரம், சிரித்தால் இடது கண் சின்னதாகும் என்றேன். தட்டில் எது வைத்தாலும் வாயில் போடுவதற்கு முன் எடுத்து மோந்து பார்ப்பார், என் சமையல்மேல் நம்பிக்கை இல்லையா என்று புதுசில் சண்டையே போட்டிருக்கிறேன் என்றேன். அவள் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "ஐயோ அத்தை, இவரும் அதைத்தான் செஞ்சாரு. நிச்சயத்தன்னிக்கு என் கேசரியை மோந்து பார்த்தாரு! கெட்டுப்போச்சோன்னு நான் பயந்தே போயிட்டேன்" என்றாள். அவரோடு ஒரு வேளை சோறு உட்கார்ந்து சாப்பிட்ட நினைவு உனக்குக் கிடையாது. நானும் உனக்கு அதைச் சொல்லித்தரவில்லை. பிறகு எங்கிருந்து வந்தது?

உனக்கு அம்மா கொடுக்கிற சீதனம் ஒன்றுதான். தெரியாததைத் தெரியாது என்று சொல். உன் பெண்டாட்டியிடம் சொல், நாளைக்கு உன் பிள்ளைகளிடமும் சொல். செத்துட்டாரு என்று சொல்வது சுலபம், கேட்கிறவர்கள் உச்சுக்கொட்டிவிட்டுப் போய்விடுவார்கள். வந்துடுவாரு என்று சொல்வதும் சுலபம், பைத்தியம் என்று விட்டுவிடுவார்கள். தெரியாது என்று சொன்னால்தான் ஆட்கள் நின்று நம் முகத்தைப் பார்ப்பார்கள். பார்க்கட்டும். அன்று வேலப்பன்சாவடியில் பார்த்தார்கள், நான் ஒன்றும் குறைந்துபோகவில்லை.

அங்கிருந்து நேரே கோயிலுக்கு வந்தேன். சாமியார் ஓலைத் தாளை எடுத்து வைத்துக்கொண்டு, "என்ன எழுதணும்னு நீங்களே சொல்லுங்கம்மா. அந்தோணி ஃபோன்ல காலஞ்சென்றன்னு போடச் சொன்னான்" என்றார். எஸ்டிடி பூத்தில் காசு கட்டி இதைச் சொல்லியிருக்கிறாய்! "பேரை எழுதுங்க சாமி. இவன் அப்பா பேரு அருளப்பன். அதுல சர்க்காருக்கும் சந்தேகமில்ல, எனக்கும் இல்ல, அவனுக்கும் இல்ல. முன்னால எதுவும் வேணாம்" என்றேன். அவர் கொஞ்ச நேரம் பேனாவை உருட்டினார். பிறகு எழுதினார்.

உன் சொல்லை நான் எடுத்துவிட்டேன். அதற்குப் பதிலாக என்னுடையது ஒன்றை விடுகிறேன். நம் கல்லறைத் தோட்டத்தின் நடுவில் பெரிய சிலுவை இருக்கிறது அல்லவா, ஊர்விட்டு ஊர் வந்தவர்கள், அங்கே கல்லறை இல்லாதவர்கள் எல்லாம் வத்தி ஏற்றுகிற இடம். உன்னை அதன் பக்கம் நான் போகவே விட்டதில்லை. இந்த வருஷம் கல்லறைத் திருநாளுக்கு ரெஜினாவைக் கூட்டிக்கொண்டு போ. உன் மனது என்ன சொல்கிறதோ அப்படி ஒரு வத்தி ஏற்று. நான் பிடுங்க மாட்டேன். உள்ளே வரமாட்டேன், அதை மட்டும் கேட்காதே. கேட்டுக்கு வெளியே பூக்காரியிடம் பேசிக்கொண்டு, உங்கள் செருப்பைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். நீங்கள் வந்ததும் மூன்று பேருமாக டீ குடித்துவிட்டு வீட்டுக்கு வருவோம். என் தலையில் பூ இருக்கும். உன் கையில் மெழுகு ஒட்டியிருக்கும். ஒரு வீட்டில் இரண்டும் இருக்கலாம்.

இப்போது இன்றைய காலை. மாணிக்கம் மாமாவை வரச்சொல்லியிருந்தேன். கோயில் பழக்கம் இல்லாத மனிதர், வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்திருந்தார். மெர்சி என் மடியில். பூசை முடிகிற நேரத்தில் சாமியார் தாளைப் பிரித்தார். "நம் பங்கைச் சேர்ந்த அருளப்பன்..." என்று வாசித்து, என் பெயரையும் சேர்த்து, இவர்களின் மகன் அந்தோணி என்று உன் பெயருக்கு வந்து, ரெஜினாவின் வீட்டாரையும் சொல்லி, இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதாவது தெரிந்தவர்கள் அறிவிக்க வேண்டும் என்று முடித்தார். அவ்வளவுதான். அந்தக் கோயிலில் உன் அப்பாவின் பெயரை இத்தனை வருஷமாக வாசித்திருக்கிறார்கள், ஒவ்வொரு தடவையும் அதோடு ஒரு கெஞ்சல் இருக்கும், திரும்ப வேண்டும், சுகம் வேண்டும் என்று. இன்றைக்குத்தான் எதையும் கேட்காமல், ஒரு மாப்பிள்ளைக்கு அப்பாவாக, வெறுமனே அவர் பெயரைக் கேட்டேன். உனக்குக் கோபம் வந்தால் வரட்டும், எனக்கு அது கல்யாணக் களைபோல இருந்தது.

வெளியே வந்ததும் மாணிக்கம் மாமா என்னிடம் வரவில்லை. வேப்பமரத்தடியில் போய்த் திரும்பி நின்றுகொண்டிருந்தார். நான்தான் போய், என்ன தம்பி என்றேன். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "ரோல் கால் மாதிரியே இருந்திச்சிக்கா. பேரக் கூப்ட்டா எஸ் சார்னு சொல்லணும். அண்ணாத்த பேரப் படிச்சதும் எனக்கு வாய் வரிக்கும் வந்துட்ச்சி. சொல்லிடப் போறேன்னு பல்லக் கடிச்சிகினு குந்தினு இருந்தேன்." நல்லவேளை சொல்லவில்லை என்றேன். உன் அப்பா இடத்தில் இன்னொருத்தர் எஸ் சார் சொல்லக்கூடாது. அவர் வரமாட்டார் என்றும் நாம் சொல்லக்கூடாது. கூப்பிடலாம், அவ்வளவுதான்.

அடுத்த ஞாயிறு இரண்டாம் ஓலை. சனிக்கிழமை ராத்திரிக்குள் வந்து சேர். நீலச் சட்டையை இஸ்திரி போட்டு வைத்திருக்கிறேன். கோயிலில் என் பக்கத்திலேயே உட்கார். அப்பா பெயரை வாசிக்கும்போது என்னைத் திரும்பிப் பார்க்காதே, நான் எழுந்து நிற்க மாட்டேன், பயப்படாதே. நீ தலையை மட்டும் குனியாதே. நிமிர்ந்து உட்கார், அந்தப் பெயருக்குப் பின்னால் வருகிற பெயர் உன்னுடையது.

உன் அம்மா